சுழி

முப்பதாம் நாள் பூசையின் மெழுகு
கல்லில் உறையுமுன்
சித்தப்பா மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தார்.
அதுவரை நான் மதலேனாள்.
அன்றிலிருந்து
"பதினாலு படகு."

ஆணி அடிக்காத படகுகள்.
பலகையோடு பலகை தென்னங்கயிற்றால் தைத்து
இடுக்கில் வைக்கோல் அடைத்தவை.
அலை அறைந்தால் உடையாமல் நெளியும்.
நங்கூரமிட்ட கப்பலிலிருந்து
ராயபுரத்துக் கரைக்குத்
துரைமாரையும் துரைசானியின் பியானோவையும்
நனையாமல்
சரி, பாதி நனைந்து
கொண்டுவந்து இறக்கியவை.

மண்ணடி துபாஷ் வீட்டுப் பேரன் லாசர் வந்தான்.
வெல்வெட் தொப்பி, அத்தர் வாசனை.
என் கண்ணைப் பார்த்தான்.
பிறகு என் தோளுக்கு மேலே
மணலில் கவிழ்த்திருந்ததை
உதடு அசைய எண்ணினான்.
பழவேற்காட்டிலிருந்து ஒருவர், தாரம் இழந்தவர்,
உப்பளம் மூன்று, பிள்ளைகள் ஐந்து.
அவர் எண்ணவில்லை.
எண்ணிக்கொண்டுதான் வந்திருந்தார்.

அப்போது துறைமுகச் சுவர்
கடலுக்குள் இரண்டு கைகளாய் நீண்டுகொண்டிருந்தது.
"படகுக்கு மதிப்புப் போட ஆள் வேண்டும்" என்றேன்.
"பொம்பளைக்கு எதுக்கு அது?" என்றார் சித்தப்பா.
ஆள் வந்தான்.
சுவர் வேலையில் கல் எண்ணும் குமாஸ்தா,
ஞானாதிக்கம் என்று பேர்.
மூன்று நாள் படகுகளுக்கடியில் மல்லாந்து கிடந்து
கோணி ஊசியால் தையலைக் குத்திக் குத்திப் பார்த்தான்.
குனிந்து எழுதும்போது உச்சந்தலை தெரிந்தது:
இரட்டைச் சுழி.
"ரெண்டு பெண்டாட்டி" என்று
என் காதில் சிரித்தாள் வேலைக்காரி பூரணி.

தாளை நீட்டினான்.
பலகை, கயிறு, துடுப்பு எல்லாம் கூட்டி
தண்டல்களுக்கு நிற்கும் கூலி கழித்து
கீழே
மூன்றாவதாக ஒரு சுழி.

"சுவர் முடிஞ்சா கப்பல் கரைக்கே வரும்.
அப்புறம் இதெல்லாம் அடுப்புக்குத்தான் அம்மா."
சொல்லும்போது குரல் பிசிறியது.
சித்தப்பா வாசலைக் காட்டினார்.
நான் தாளை மடித்துச்
செபப்புத்தகத்தில் செருகினேன்.
பாசமில்லை, ஆத்திரம்.
அன்று ராத்திரி மீன் குழம்பும் இறங்கவில்லை.

அடுத்த வாரம் லாசருக்குக் காய்ச்சல் என்று செய்தி.
பழவேற்காட்டாருக்கோ உப்பு வாரும் காலம்.

ஐப்பசி முடியுமுன் ஓர் இரவு
கடல் எழுந்து சுவரைத் தின்றது.
ஐந்து வருடக் கல்.
விடிந்தபோது பாரந்தூக்கிகள் இருந்த இடத்தில்
நுரை.
எங்கள் படகில் மூன்று போயின.
மீதி பதினொன்றும்
இராயப்பர் கோயில் மதிலோரம்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன,
தையல் விடாமல்.

மூன்றாம் நாள் லாசருக்குக் காய்ச்சல் விட்டது.
தட்டில் கற்கண்டு, கூடவே அவன் அம்மா.
பழவேற்காட்டாரின் கடிதமும் வந்தது,
உப்பு வாரி முடிந்ததாம்.

நாலாம் நாள்
வேலை போன ஞானாதிக்கம்
முழங்கால் சேறோடு கொல்லைப் பக்கம் நின்றான்.
பெண் கேட்டு அல்ல.
"என் கணக்கு தப்பு" என்றான்.
"இன்னும் பத்து வருஷம் உங்க படகு ஓடும்.
அந்தத் தாளைக் கொடுங்க, திருத்தணும்."

கொடுத்தேன். மைக்கூட்டையும் கொடுத்தேன்.
சுழியை அடிக்கப் போனான்.
"அது இருக்கட்டும். கீழே எழுதும்."
போன மூன்றைக் கழித்து, பதினொன்றைக் கூட்டி,
என்னை மகிழ்விக்க ஒரு ரூபாய்கூட ஏற்றாமல்
எழுதினான்.
சேறு தாளிலும் சொட்டியது.

"உமக்கு ரெண்டு பெண்டாட்டியாமே?"
தலையைத் தடவிக்கொண்டான்.
"ஒண்ணுக்கே வழியக் காணோம்னு
எங்கம்மா அழுவுறாங்க."
"அப்படியானால் சாமியாரிடம் போய்
ஓலைக்குப் பேர் கொடும்.
என் பேர் தெரியுமில்லையா?"
தெரியாது அவனுக்கு.
தாளின் தலைப்பில் இருந்தது அப்பா பேர்தான்.
சொன்னேன்.

மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள்.
இரண்டாம் ஞாயிறு சித்தப்பா இருமினார்.
தடை சொல்கிறார் என்று
சாமியார் நிமிர்ந்து காத்திருந்தார்.
வெறும் இருமல்தான்.

கல்யாணச் செலவும் அதே தாளில்,
தண்டல் கூலிக்குக் கீழே,
அவன் கையெழுத்தில் இருக்கிறது.
கழித்தல் பக்கம்.
இன்றுவரை அதைத் திருத்தச் சொல்லிக்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.